வெட்டி ஆபீசர்!

கள்ளக்குறிச்சியில் இருக்கும் என் தாய்மாமா எனக்குக் கொடுத்திருக்கும் பட்டம் 'வெட்டி ஆபீசர்'. பி.காம். முடித்துவிட்டு பாங்க் வேலைக்குப் போகாமல் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டு திரிகிறவனை வேறென்ன சொல்வார்? நானும் சிரித்தபடி ஏற்றுக்கொண்டிருந்தேன், போன மாதம் கல்வராயன் மலை ஏறும்வரை.

ஞாயிற்றுக்கிழமை. கச்சிராயபாளையம் தாண்டி, வளைந்து வளைந்து பஸ் வெள்ளிமலைக்குப் போனது. டீக்கடை பெஞ்சில் எண்பதை நெருங்கும் பெரியவர் ஒருவர். "என்ன விஷயமா வந்தீங்க தம்பி?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க ஐயா... சும்மா, வெட்டியா வந்தேன்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "வெட்டிக்கா? இப்ப யாரு தம்பி வெட்டிக்குக் கூப்புடறாங்க?"

நமக்கு அது சோம்பேறி வார்த்தை. அவருக்கோ, அப்பாவோடு சேர்ந்து அவரே பார்த்த வேலை. "ஏரும் மாடும் எங்களுது, நெலம் ஜாகீர்தாரோடது. ஆள் வந்து சொன்னா போயே ஆவணும். கூலின்னு வாயத் தொறக்க முடியாது" என்றார்.

சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்களாக இருந்த மலை அது. கூலியில்லாக் கட்டாய வேலை கூடாது என்று அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு 1950-லேயே சொல்லியாச்சு. ஜாகீர்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976-ல்! கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே வருஷம்தான்.

ஊர் திரும்பியதும் புத்தகங்களைப் புரட்டினேன். சமஸ்கிருத 'விஷ்டி'தான் தமிழில் 'வெட்டி'. அர்த்தசாஸ்திரத்தில் விஷ்டி இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளின் வரிப் பட்டியலில் வெட்டி அடிக்கடி தலைகாட்டுகிறது. காசாக அல்ல, உடம்பால் கட்டும் வரி! தெலுங்கானாவில் இதுவே 'வெட்டி சாக்கிரி'. 1946-ல் அங்கே விவசாயிகள் கிளர்ந்தெழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். செக் மொழியில் கட்டாய உழைப்புக்குப் பெயர் 'ரொபோட்டா'. அதிலிருந்துதான் காரெல் சாபெக் 1920-ல் தன் நாடகத்துக்காக 'ரோபோ'வை எடுத்தார். அந்தக் கணக்கில் 'எந்திரன்' சிட்டியும் ஒரு வெட்டி ஆபீசர்தான்!

கூலி வராத வேலை வெட்டி வேலை. போகப் போக அது பிரயோஜனமில்லாத வேலை என்றாகி, கடைசியில் வேலையே பார்க்காதவன் வெட்டியாகிவிட்டான். முதுகொடிய உழைத்தவன் பெயரைத் தூக்கி, திண்ணையில் படுத்திருப்பவனுக்கு வைத்துவிட்டோம். எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகவே படுகிறது.

இன்னொன்று. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்தாலும் அது கட்டாய உழைப்புதான் என்று 1982-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. சனிக்கிழமையும் ஆபீஸ் போய் ஓ.டி. கிடைக்காத நண்பர்கள் உடனே வக்கீலைத் தேட வேண்டாம். உங்கள் கேஸ் வேறு.

இத்தனையும் தெரிந்துகொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். "வாங்க வெட்டி ஆபீசர்!" என்றார். விடுவேனா? "மாமா, வெட்டின்னா சும்மா இருக்கிறவன் இல்ல. கூலி வாங்காம வேலை பார்க்கிறவன்" என்று கல்வெட்டோடு விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டார். "சரி மாப்ள, போன தீபாவளிக்கு ஏதோ மலருக்கு எழுதினியே... பணம் வந்துச்சா?"

வரவில்லை.