சின்ன இன்ஜின், பெரிய ஆசை

வேகம் கூட்டுவதற்காகச் செலவழிக்கிறார்கள் பலர். தொலைந்த வேகத்தை மீட்பதற்காகச் செலவழிக்கிறார்கள் சிலர். லாபம் என்னவோ இரண்டாவது ரகத்துக்குத்தான்.

டெல்லி கரோல் பாக்கின் உதிரி பாகச் சந்தைக்கு வரும் ஸ்கூட்டர்காரர்களில் பாதிப் பேரின் குறை ஒன்றுதான்: வண்டி இழுக்கவில்லை. பின்னால் மனைவி, முன்னால் குழந்தை, கொக்கியில் காய்கறிப் பை. மேம்பாலத்தில் ஏறும்போது முதுகுக்குப் பின்னால் பஸ் ஹாரன் விரட்டுகிறது. இந்த அவமானத்துக்கான மருந்துகள் இந்தியாவின் எல்லா நகரங்களிலும் கிடைக்கின்றன: உறுமும் சைலன்சர், பெரிய ஜெட், எடை குறைந்த ரோலர். சில மருந்துகள் வேலை செய்கின்றன. சில, நோயாளியையே கொன்றுவிடுகின்றன.

பழைய வைத்தியம் ஒன்று 'போர்' போடுவது. 1972இல் அறிமுகமான பஜாஜ் சேத்தக்கை வருடக் கணக்கில் காத்திருந்து வாங்கிய குடும்பங்கள் அதை லேசில் விற்றுவிடவில்லை. சிலிண்டர் தேய்ந்தால் கடைந்து, பெரிய பிஸ்டன் போட்டு ஓட்டினார்கள். அப்படிச் செய்தால் சக்தி கூடும் என்பது நம்பிக்கை. கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 57 மி.மீ. சிலிண்டரை அரை மி.மீ. பெரிதாக்கினால் 145 சிசி இன்ஜின் 148 சிசி ஆகும். அவ்வளவுதான். வண்டி பறப்பதுபோலத் தோன்றக் காரணம் அந்த மூன்று சிசி அல்ல. தேய்ந்த சிலிண்டரில் கசிந்துகொண்டிருந்த அழுத்தம் திரும்பக் கிடைத்ததுதான்.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆபத்தான விளையாட்டு கார்புரேட்டரில் ஆரம்பிக்கிறது. மைலேஜுக்காக பெட்ரோலைக் குறைப்பார்கள். 'மூச்சு' விடட்டும் என்று ஏர் ஃபில்டரைக் கழற்றுவார்கள். இரண்டுமே கலவையில் காற்றைக் கூட்டி, இன்ஜினைச் சூடாக்குகின்றன. பெட்ரோலுடன் ஆயிலைக் கலந்து ஊற்றும் வண்டியில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. ஃபில்டர் இல்லாத வழியில் தூசியும் உள்ளே போகிறது. முதல் வாரம் வண்டி சீறும். பிறகு ஒரு நாள், நீண்ட ஏற்றத்தில், பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே நிற்க, லாரிகளுக்கு நடுவே சறுக்கும் வண்டியில் உட்கார்ந்திருப்பது அதே மனைவி, அதே குழந்தை.

நிஜமான நிவாரணம் இவ்வளவு கவர்ச்சியானதல்ல. எரிந்த ஆயிலின் கரி, புகை வெளியேறும் துவாரத்திலும் சைலன்சரிலும் படிந்து இன்ஜினின் தொண்டையை அடைக்கிறது. அதைச் சுரண்டி, பிளக்கின் இடைவெளியைச் சரிசெய்து, உரசும் பிரேக்கைத் தளர்த்தி, டயரில் சரியான காற்று நிரப்பினாலே பழைய வண்டி இளமைக்குத் திரும்பும். சைலன்சரின் உள்தடுப்புகளை அறுத்தெறிபவர்களுக்கோ பெரும்பாலும் மிஞ்சுவது சத்தம் மட்டுமே. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரிலிருந்து திரும்பும் அழுத்த அலைக்கும் வேலை உண்டு.

கியர் இல்லாத ஸ்கூட்டர்களின் சூட்சுமம் வேறு. 1980களில் கைனடிக் ஹோண்டாவும் 2001இல் ஆக்டிவாவும் பழக்கிவிட்ட இந்த ரகத்தில், வேரியேட்டருக்குள் இருக்கும் சின்ன ரோலர்களே கியர் மாற்றும் கை. எடை குறைந்த ரோலர் போட்டால் இன்ஜின் அதிகம் சுற்றிய பிறகே விகிதம் மாறும். சிக்னலில் பாய்ச்சல் கிடைக்கும். பெட்ரோல் செலவும் இரைச்சலும் கூடும். உச்ச வேகம் கூடாது. ஆனால் பல வண்டிகள் மந்தமாவதற்குக் காரணம் தேய்ந்து தட்டையான ரோலரும் மெலிந்த பெல்ட்டும்தான். கம்பெனி சொன்ன அளவிலேயே புதிது மாட்டினால் போதும்.

அதற்கு மேல் போனால் சட்டம் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்பை மாற்றத் தடை விதிக்கிறது. 2019இல் வந்த திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் ஸ்கூட்டர்களில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பரவியது. ஸ்க்ரூ டிரைவர் வைத்தியர்களின் கைக்கு எட்டாத இடத்துக்குக் கலவை போய்விட்டது.

வேகம் கேட்டு வரும் யாரும் பிரேக்கைப் பற்றி முதலில் கேட்பதில்லை. சிறிய சக்கரம், டிரம் பிரேக், மூன்று பேர் பாரம் என்று ஓடும் வண்டிக்கு, இழுப்பதைவிட நிற்பதுதான் கஷ்டம். மேம்பாலத்தின் மறுபக்கம் இறக்கம் என்பது ஏறும்போது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.