நெடுந்தூர ஓட்டமும் நீரின் அளவும்

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடப்பெற்ற இத்தூரம், 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. அதே 1921ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவில் ரயில் எஞ்சின் ஓட்டுநராயிருந்த விக் கிளாப்பம் என்பவர், முதல் உலகப் போரில் மடிந்த தம் தோழர்களின் நினைவாக, டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓட்டமொன்றைத் தொடங்கி வைத்தார். 'காம்ரேட்ஸ்' என்று பெயர்பெற்ற அவ்வோட்டத்தில் முதலாண்டு புறப்பட்டோர் 34 பேரே. இன்றோ பல்லாயிரவர் அதில் ஓடுகின்றனர். பந்தயம் முடிவுறுவதற்கு விதிக்கப்பட்ட கெடு 12 மணி நேரம். கெடு முடிந்ததும், ஓடி வருவோருக்கு முதுகைக் காட்டி நின்றபடி ஓர் அதிகாரி துப்பாக்கியை வெடிப்பார். அதற்குப் பின் எல்லைக் கோட்டை அடைபவர், இரண்டடி தூரத்தில் தவறியவராயினும், ஓடி முடித்தவராகக் கருதப்படுவதில்லை.

இத்தகைய ஓட்டங்களில் கலந்துகொள்வோரில் பெரும்பாலோர் பந்தய வீரர்கள் அல்லர். பள்ளி ஆசிரியர், வங்கி எழுத்தர், செவிலியர், குடும்பத் தலைவி, ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர் எனப் பலதரப்பட்டோர் அதிகாலையில் எழுந்து பயிற்சி செய்து, வேலைக்குச் சென்று, பல மாதங்களுக்குப் பின் ஒருநாள் இவ்வோட்டத்தில் இறங்குகின்றனர். நம் நாட்டில் மும்பை மாரத்தான் 2004இல் தொடங்கியபின் இப்பழக்கம் நகரந்தோறும் பரவிற்று. லடாக்கில், 5,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த கர்துங் லா கணவாயைக் கடந்து 72 கிலோமீட்டர் ஓடுவோரும் உளர்.

முதன்மை வீரர் ஒருவர் மாரத்தான் தூரத்தை இரண்டு மணியும் சில நிமிடங்களும் கொண்டு கடந்துவிடுகிறார். சாதாரண மனிதருக்கோ நான்கு, ஐந்து, சில வேளை ஆறு மணி நேரமும் ஆகிறது. இக்கால வேறுபாடு சிறிய விஷயமன்று. வீரருக்கென வகுக்கப்பட்ட ஆலோசனை, அவரைப்போல் இருமடங்கு நேரம் சாலையில் இருப்பவருக்குப் பொருந்துமா என்பதை மருத்துவ உலகம் காலந்தாழ்த்தியே ஆராயத் தலைப்பட்டது. நீர் அருந்தும் விஷயத்தில் இத்தாமதம் உயிர்ச்சேதத்தை விளைவித்தது.

ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு, அவருடைய எடையில் கிலோகிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி சக்தி செலவாகிறது. அறுபது கிலோகிராம் எடையுள்ளவர் மாரத்தான் முழுவதும் ஓட 2,500 கிலோகலோரி வேண்டும். இச்சக்தியில் கால்பங்குக்கும் குறைவானதே ஓட்டமாக மாறுகிறது, எஞ்சியது உஷ்ணம். அவ்வுஷ்ணத்தை உடல் வெளியேற்றும் முக்கிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மீது ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி உஷ்ணம் நீங்குகிறது. ஆவியாகாமல் சொட்டி விழும் வியர்வையால் பயன் இல்லை. ஆகவேதான் கடற்கரை நகரங்களில், காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில், உடல் விரைவில் சூடேறுகிறது. மும்பையில் முழு மாரத்தான் விடியுமுன்னரே தொடங்கப்படுவதன் நோக்கம் இதுவே. ஆனால் விரைந்து ஓடுபவர் வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுவார். மெதுவாக ஓடுபவரே வெயிலைச் சுமக்கிறார்.

வியர்த்தால் நீர் குறையும், குறைந்த நீரை ஈடு செய்ய வேண்டும் என்பது எவர்க்கும் தோன்றும் எண்ணம். ஆயினும் 1960கள் வரை, ஓடும்போது நீர் அருந்தலாகாது என்பதே பயிற்சியாளரிடையே பரவலாக நிலவிய கொள்கை. 1969இல் தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியாளர்களான விண்டம், ஸ்ட்ரைடம் ஆகிய இருவரும், நீர் போதிய அளவு அருந்தாமையால் வரும் ஆபத்தைக் குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதன்பின் கருத்து நேர்மாறான திசையில் திரும்பிற்று. தாகம் எடுக்குமுன் குடிக்க வேண்டும், வயிறு கொள்ளுமளவு குடிக்க வேண்டும் என்ற போதனை பரவியது. 1996இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி, மணிக்கு 600 முதல் 1,200 மில்லிலிட்டர் வரை அருந்தலாமென்று கூறிற்று. பானங்களை விற்கும் வாணிகருக்கும் இப்போதனை உவப்பாயிருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கிடையில், 1981ஆம் ஆண்டுக் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் ஒரு பெண்மணி ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கடந்தபின் மயக்கமுற்றார். அவரது இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 115 மில்லிமோல் அளவே இருந்தது. இயல்பான அளவு 135 முதல் 145 வரை. அவருக்கு நேர்ந்தது நீர்க்குறைவு அன்று, நீர்மிகுதி. இத்தகைய நான்கு நிகழ்ச்சிகளை மருத்துவர் திமோதி நோக்ஸும் உடனுழைப்போரும் 1985இல் வெளியிட்டனர். ஆயினும் அது போதிய கவனம் பெறவில்லை. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் இதே காரணத்தால் 28 வயதுப் பெண்ணொருவர் உயிரிழந்தார். அவ்வோட்டத்திலேயே, எல்லையை அடைந்த 488 பேரின் இரத்தம் பரிசோதிக்கப்பட்டது. முடிவுகள் 2005இல் வெளிவந்தன. நூற்றுக்கு 13 பேரிடம் சோடியம் இயல்பினும் தாழ்ந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமும், நான்கு மணி நேரத்திற்கு மேல் ஓடியவர்களிடமும் இக்குறை மிகுந்து காணப்பட்டது.

ஐந்து மணி நேரம் ஓடி எடை கூடுவது வியப்பாகத் தோன்றலாம். கணக்கிட்டால் விளங்கும். அறுபது கிலோகிராம் எடையுள்ள ஒரு பெண் மெதுவாக ஓடுகையில் மணிக்கு 600 மில்லிலிட்டர் வியர்ப்பதாகக் கொள்வோம். ஐந்து மணியில் 3 லிட்டர் இழப்பு. மைலுக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் இருந்து, ஒவ்வொன்றிலும் 200 மில்லிலிட்டர் அருந்தினால் 26 பந்தல்களில் 5 லிட்டருக்கு மேல் உள்ளே சென்றுவிடும். மிகுதி 2 லிட்டர். அவர் உடலிலுள்ள மொத்த நீர் சுமார் 30 லிட்டர். அதில் இம்மிகுதி கலப்பதோடு, வியர்வையில் உப்பும் வெளியேறியிருப்பதால், சோடியம் 130க்கும் கீழே இறங்க இடமுண்டு. நல்லெண்ணத்தோடு நீட்டப்படும் ஒவ்வொரு குவளையும் அக்கணக்கில் சேர்கிறது.

மிகுதியான நீரைச் சிறுநீரகம் ஏன் வெளியேற்றுவதில்லை? அமைதியாக அமர்ந்திருக்கும் மனிதரிடத்து அது எளிதாக வெளியேற்றிவிடும். ஆனால் நீடித்த உழைப்பு, வலி, குமட்டல் ஆகியவற்றின் தூண்டுதலால், நீரைத் தேக்கிவைக்கும்படி ஏவும் வாசோப்ரெசின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் தொடர்ந்து சுரக்கிறது. நீர் தேங்கி, இரத்தத்தின் உப்புச்செறிவு குறையவே, நீர் உயிரணுக்களினுள் புகுந்து அவற்றை வீங்கச் செய்கிறது. மற்ற உறுப்புகள் சிறிது வீங்கினால் பெருங்கேடில்லை. மூளையோ எலும்புக் கூட்டினுள் அடைபட்டது. தலைவலி, வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு என்று நோய் முற்றுகிறது.

உப்புக் கலந்த பானங்கள் இதைத் தடுக்கும் என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. கடைகளில் விற்கும் விளையாட்டு வீரர் பானத்தில் சோடியம் பொதுவாக லிட்டருக்கு 20 மில்லிமோல் அளவே. பேதிக்குத் தரப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசலில், உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டு முறைப்படி, 75 மில்லிமோல். இரண்டும் இரத்தத்தைவிட நீர்த்தவையே. அளவுக்கு மீறி அருந்தினால் இவையும் உப்புச்செறிவைக் குறைக்கும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. எனவே எதை அருந்துவது என்பதைவிட எவ்வளவு அருந்துவது என்பதே முக்கியம். தாகம் எடுத்தபோது, தாகம் தீருமளவு அருந்துவதே இன்று நிபுணர்கள் கூறும் முறை. பயிற்சி நாட்களில் ஓடுமுன்னும் ஓடியபின்னும் எடை பார்ப்பது இதற்குத் துணை செய்யும். ஓடியபின் எடை ஒன்றிரண்டு கிலோகிராம் குறைவது இயல்பு. கூடுமாயின், மிகையாக அருந்தியுள்ளார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சிறுநீரகத்தைப் பற்றி மற்றுமொரு செய்தி. நெடுந்தூரம் ஓடுவோர் பலர் வலியடக்கவென்று ஐபுபுரோஃபென் மாத்திரையை உட்கொள்கின்றனர். 2017இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 80 கிலோமீட்டர் ஓடிய 89 பேரில் சிலருக்கு அம்மாத்திரையும் சிலருக்குப் போலி மாத்திரையும் தரப்பட்டன. ஓட்டத்தின் முடிவில், போலி மாத்திரை உண்டோரில் நூற்றுக்கு 34 பேருக்கும், ஐபுபுரோஃபென் உண்டோரில் 52 பேருக்கும் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறிகள் தென்பட்டன.

ஓட்டத்தின் முடிவில் ஒருவர் தடுமாறி விழுந்தால், காரணம் உஷ்ணத் தாக்குதலா நீர்மிகுதியா என்று பார்த்த மாத்திரத்தில் கூறவியலாது. இரண்டிலும் மனக்குழப்பம் உண்டு. ஆசனவாய் வழியே அளந்த உடலுஷ்ணம் 40 பாகை செல்சியஸுக்கு மேலிருந்தால், மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுமுன்பே அவரைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்த வேண்டும். உஷ்ணம் அவ்வளவு ஏறாமல், விரல்கள் வீங்கி மோதிரமும் கைக்கடிகாரமும் இறுகியிருந்து, குமட்டலும் தலைவலியும் இருப்பின், நீர்மிகுதி என ஐயுறவேண்டும். அந்நிலையில் வழக்கமான உப்புநீரை நரம்பு வழியே லிட்டர் கணக்கில் ஏற்றுவது நோயை முற்றச் செய்யக்கூடும். மூன்று சதவீதச் செறிவுள்ள உப்புநீரை 100 மில்லிலிட்டர் வீதம் செலுத்துவதே சிகிச்சை. பல சந்தர்ப்பங்களில் சில நிமிடங்களிலேயே தெளிவு பிறக்கத் தொடங்கும். ஆகவே, விழுந்தவரை அழைத்து வருவோர், அவர் எத்தனை மணி நேரம் ஓடினார், எவ்வளவு நீர் அருந்தினார் என்னும் இரண்டையும் மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிப்பது அவசியம்.