விஞ்ஞானிகளுக்கும் ஒரு செக்ரோல்

மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குப் "பேர்" என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிறுவையில் கேட்ட கிலோ வந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில் விழுந்ததுதான் உழைப்பு. விஞ்ஞானிகளின் உலகிலும் இவ்வாறான ஒரு செக்ரோல் இருக்கின்றது. "உலகின் முதல் 2 வீத விஞ்ஞானிகளில் எமது விரிவுரையாளர்கள்" என்று பத்திரிகையில் செய்தி வரும்போது, ஸ்பிரிங்வெளியில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் என்னிடம் கேட்பதுண்டு: "இதுக்கு என்ன சோதனை எழுதணும் டீச்சர்?" (நான் டீச்சர் அல்ல. ஆனாலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.)

சோதனை எதுவும் கிடையாது. ஒருவர் தமது ஆய்வைக் கட்டுரையாக வெளியிடுகிறார். பிறகு அதே துறையில் எழுதுபவர், "இதை முன்னர் இன்னார் கண்டார்" என்று தம் கட்டுரையில் பேர் குறிப்பிடுகிறார். அதுவே மேற்கோள். இவற்றைத் திரட்டி அட்டவணையாக்கும் வேலையை 1964இல் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட் பெரிய அளவில் தொடக்கினார். 2005இல் பௌதிகவியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் "எச் சுட்டி" என்ற கணக்கைச் சொன்னார். குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகள் பத்து இருந்தால் சுட்டி 10. ஒரேயொரு கட்டுரை ஆயிரம் மேற்கோள் பெற்றாலும் சுட்டி 1தான். மாதத்தில் ஒரு நாள் மட்டும் மலைக்குப் போய் ஐம்பது கிலோ எடுத்தவரின் சம்பளம் போல.

பத்திரிகையில் வரும் அந்தப் பட்டியலை 2019இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் அயோனிடிஸ் குழுவினர் வெளியிட்டனர். 22 துறைகள், 174 உட்துறைகள் என்று பிரித்து, ஆறு அளவுகளைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். உண்மையான உழைப்பு இதில் தெரிய வருவதும் உண்டு. கண்டியில் பிறந்து பேராதனையில் மருத்துவம் கற்ற மலிக் பீரிஸ், 2003இல் ஹொங்கொங்கில் தமது குழுவினருடன் சார்ஸ் நோயின் கிருமியைக் கண்டறிந்தார். அந்த ஆய்வை உலகெங்கும் எடுத்துக்காட்டினார்கள்.

ஆனால் தராசைத் தானே பிடிப்பவரும் உண்டு. அதே 2019 தரவுகளில், சென்னைக்கு அருகே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கணினி விஞ்ஞானி ஒருவருடைய மேற்கோள்களில் 94 வீதம் அவரோ அவருடைய கூட்டாசிரியர்களோ எழுதியவை எனத் தெரிந்தது. இதன் இடைய அளவு ஏறக்குறைய 13 வீதம்தான்.

தராசில் ஏறாத உழைப்பும் இருக்கின்றது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிவு செய்து தந்த 2025 என்னும் இனத்தை எத்தனையோ வீ.பி. மலைகளில் நட்டிருக்கிறார்கள். நாம் தினமும் கை வைக்கும் செடி அது. செடி மேற்கோள் எழுதாது. தேயிலையைப் பற்றி எழுதுவோரும் உலகில் குறைவு. மருத்துவத் துறையோடு ஒப்பிட்டால் அவர்களின் எண்ணிக்கை சிறிதாகவே தெரியும்.

பெண்களின் விடயம் இன்னும் சிக்கலானது. சமூகவியல் படித்த எவருக்கும் றொபேட் மேர்ட்டனின் பேர் தெரியும். பேர் பெற்றவருக்கே மேலும் பேர் சேர்கிறது என்று 1968இல் அவர் எழுதிய கட்டுரை மிகப் புகழ் பெற்றது. அதற்கு ஆதாரமாயிருந்த நேர்காணல்களை நோபல் விஞ்ஞானிகளிடம் தேடிச் சென்று எடுத்தவர் ஹரியட் சக்கர்மன் என்ற பெண். கட்டுரையின் தலைப்பின் கீழ் அவர் பேர் இல்லை. இருவர் பேரிலும் வந்திருக்க வேண்டியது என்று மேர்ட்டனே பின்னாளில் எழுதினார். பேர் சேராமற் போவதைப் பற்றிய கட்டுரையிலேயே இது நடந்தது! பெண் விஞ்ஞானிகளின் உழைப்பு ஆண்களின் கணக்கில் சேர்வதை 1993இல் மார்கரெட் ரொசிட்டர் "மட்டில்டா விளைவு" என்று அழைத்தார்.

பேர் மாறினாலும் கணக்குச் சிதறும். திருமணத்துக்கு முன் தகப்பனின் முதலெழுத்து, பின் கணவனின் முதலெழுத்து என்று எழுதினால், கணினி அவரை இரண்டு பெண்களாக எண்ணும். இதற்காகவே 2012 முதல் ஆய்வாளருக்கு 16 இலக்க அடையாள எண் ஒன்று, ஓர்கிட் என்ற பெயரில், இலவசமாகத் தரப்படுகிறது. இந்தச் சங்கடம் எமக்குப் புதிதல்ல. செக்ரோலில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னோர் எழுத்து என்பதனால் சேமலாப நிதிக்கு அலைந்தவர்கள் எத்தனை பேர்! 83 கலவரத்தோடு வன்னிக்குப் போய், 2009இல் பத்திரங்களையும் இழந்து திரும்பிய குடும்பங்களுக்கு அலைச்சல் இரட்டிப்பு.

ஆகவே, பிள்ளை உயர்தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் முன், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலைப் பதிவு மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் பிழையிருந்தால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். ஆங்கில எழுத்துகளையும் பார்க்கச் சொல்லி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.