இதயத்தின் மதகுகள்

நுழையும்முன்

தொண்டைவலியை நாம் சிறுநோய் என்றே எண்ணுகிறோம். குழந்தைப் பருவத்தில் கவனியாது விட்ட தொண்டைவலி, சில ஆண்டுகள் கழித்து இதயத்தைத் தாக்குவதும் உண்டு. அது நேரும் விதத்தையும், நோயுற்றோர் நலமுடன் வாழும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நீரும் குருதியும்

1895ஆம் ஆண்டு முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்கை அடைந்தது. அந்நீரை வயல்களுக்குப் பகிர்ந்தளிப்பவை மதகுகள். மதகு நன்கு திறக்கவில்லையெனில் கடைமடை காயும். நன்கு மூடவில்லையெனில் நீர் வீணாகும்.

நம் இதயத்திலும் நான்கு மதகுகள் உள்ளன. அவற்றைத் தடுக்கிதழ்கள் என்பர். வால்வு என்பது மக்கள் வழக்கு. குருதியை ஒரே திசையில் செலுத்தும் இவை, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை திறந்து மூடுகின்றன. இவை குறுகினாலும் கசிந்தாலும் இதயம் மிகுதியாக உழைக்க நேரிடும். நாளடைவில் அது தளர்ந்துவிடும்.

நோயின் தோற்றம்

பிறவிக் குறையாலும் முதுமையில் படியும் சுண்ணாம்புச் சத்தாலும் தடுக்கிதழ்கள் பழுதுறலாம். எனினும், நம் நாட்டில் இளையோரை மிகுதியாகத் தாக்குவது ருமாட்டிக் காய்ச்சலே. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரி, பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குட்பட்டோரின் தொண்டையைப் பற்றுகிறது. அதை எதிர்க்க எழும் உடலின் காப்பாற்றல், சிலருக்குத் தம் இதயத்தையே பகையெனக் கொண்டு தாக்குகிறது. காய்ச்சலும் மூட்டு வீக்கமும் சில வாரங்களில் மறையும். தடுக்கிதழில் விழுந்த தழும்போ மறைவதில்லை. நெருக்கடி மிகுந்த குடியிருப்புகளில் இந்நோய் எளிதில் பரவுகிறது.

அறிகுறிகள்

விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்திற்குச் செல்லும் தாய்க்கு மேட்டில் நடக்கையில் மூச்சிரைக்கிறது. அதை அவர் வேலைக்களைப்பு என்று கருதிக் கடந்துவிடுகிறார். விளையாட்டு வேளையில் சோர்ந்து அமரும் மாணவியை நாம் சோம்பேறி என்கிறோம். இருவருக்கும் தேவை மருத்துவப் பரிசோதனையே. படுத்தால் மூச்சுத்திணறல், நெஞ்சுப் படபடப்பு, கால்வீக்கம், மயக்கம் ஆகியவையும் இந்நோயின் அறிகுறிகள். கருவுற்ற காலத்தில் குருதியின் அளவு கூடுவதால், பெண்கள் பலருக்கு நோய் அப்போதுதான் வெளிப்படுகிறது. எக்கோ எனப்படும் மீயொலிப் பரிசோதனை, நோயின் தன்மையைத் தெளிவாகக் காட்டும்.

மருத்துவம்

ருமாட்டிக் காய்ச்சல் மீண்டும் வாராதிருக்க, மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடப்படுகிறது. இதனைப் பல ஆண்டுகள் தொடர வேண்டும். குறுகிய தடுக்கிதழைச் சிலருக்குப் பலூன் கொண்டு விரிக்கலாம். சிலருக்கு அறுவை மருத்துவத்தால் சீர்செய்யலாம். இயலாதபோது செயற்கைத் தடுக்கிதழைப் பொருத்துவர். வறியோர்க்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் துணைநிற்கிறது.

தெரிந்து தெளிவோம்

செயற்கைத் தடுக்கிதழ்கள் முன்பு வெளிநாடுகளிலிருந்தே வந்தன, விலையும் மிகுதி. மலைக்கு அப்பால், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில், மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் தலைமையிலான குழுவினர் இந்தியத் தடுக்கிதழை உருவாக்க முனைந்தனர். முதல் மூன்று வடிவங்களும் தோற்றன, நான்காவது வென்றது. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அதுவே சித்ரா வால்வு.

நோயுடன் வாழ்தல்

உலோகத் தடுக்கிதழ் பொருத்தப்பட்டோர், குருதி உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ண வேண்டும். அளவு குறைந்தால் குருதி உறையும். மிகுந்தால் குருதிப்போக்கு நேரும். ஆகவே, ஐ.என்.ஆர். என்னும் குருதிப் பரிசோதனையைத் தவறாது செய்துகொள்ள வேண்டும். முருங்கைக்கீரை போன்ற கீரைகளை விலக்க வேண்டியதில்லை. ஒரு நாள் மிகுதியாகவும் மறுநாள் அறவே இன்றியும் உண்ணாமல், ஒரே சீராக உண்பதே முறை. பல் பிடுங்குவதற்கு முன்பும் கருவுறத் திட்டமிடும்போதும் மருத்துவரைக் கலந்துகொள்ளல் இன்றியமையாதது.

இந்நோயாளிகளுக்கு நேரும் பெருந்தீங்கு, ‘நலமாகிவிட்டேன்’ என்று எண்ணி மருந்தை நிறுத்துவதே. ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனைக்குச் செல்வது எளிதன்று. ஆனால், தவறவிட்ட ஊசியும் மாத்திரையும் அதனினும் பேரிழப்பைத் தரலாம்.

மாணவர்களே! உங்கள் தம்பியோ தங்கையோ காய்ச்சலுடன் தொண்டை வலிக்கிறது என்றால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். எல்லாத் தொண்டைவலிக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வேண்டியதில்லை. அதை முடிவுசெய்பவர் மருத்துவரே. அவர் பத்து நாள் மருந்து தந்தால், மூன்றாம் நாளே வலி தீர்ந்தாலும் பத்து நாளும் கொடுக்கச் செய்யுங்கள். வெள்ளம் வருமுன் மதகைச் செப்பனிடுவது உழவர் அறிவு. இதயத்திற்கும் அவ்வறிவே காப்பு.