முப்பது கிலோ எங்கே போனது?

டீயை மெதுவாக, ஒவ்வொரு வாயாகக் குடியுங்கள் அக்கா. இரைப்பையைச் சுருக்கியவர்களுக்கு அவசரம் ஆகாது.

ஆறு மாதத்தில் முப்பது கிலோ குறைந்தது நல்ல செய்தி. ஆனால் போனது கொழுப்பா தசையா என்று எடை மெஷினுக்குத் தெரியாது. அதற்குத்தான் டெக்ஸா ஸ்கேன். எலும்பு அடர்த்தி பார்க்கும் அதே மெஷின். இரண்டு வெவ்வேறு வலுவுள்ள எக்ஸ்ரே கதிர்கள் உடலுக்குள் போகும். எலும்பு, தசை, கொழுப்பு மூன்றும் அவற்றை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. அந்த வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. டெக்ஸாவில் பார்த்தால் யுட்கின் உடலில் 9.1 சதவீதம் கொழுப்பு, யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஊர் உடம்பை எடையை மட்டும் வைத்து நம்பக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

டெக்ஸா படம் தட்டையானது. தோலுக்கு அடியில் எவ்வளவு கொழுப்பு, குடலைச் சுற்றி எவ்வளவு என்பதை அது கணித்துத்தான் சொல்லும். சிடியில் வயிற்றைக் குறுக்கே வெட்டினாற்போல ஒரு படம் எடுத்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். ஆனால் அதில் கதிர்வீச்சு அதிகம். எம்ஆர்ஐயில் கதிர்வீச்சே கிடையாது. நீரில் உள்ள ஹைட்ரஜனும் கொழுப்பில் உள்ள ஹைட்ரஜனும் காந்தத்துக்குள் சற்றே வேறு வேகத்தில் அதிரும். அதைப் பிரித்தறிந்து, கல்லீரலில் எத்தனை சதவீதம் கொழுப்பு என்றே எண்ணாகச் சொல்லிவிடும். ஐந்தைத் தாண்டினால் கொழுப்புக் கல்லீரல்.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் கஞ்சியும் சூப்புமாக உங்களை வைத்திருந்தார்களே, அது கல்லீரலுக்காகத்தான். அதன் இடது மடல் இரைப்பையின் மேல் படுத்திருக்கும். கொழுப்பு வற்றிச் சுருங்கினால்தான் அதைத் தூக்கிப் பிடித்து வேலை செய்ய முடியும். ஆபரேஷனுக்குப் பிறகும் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புதான், தோலடிக் கொழுப்பைவிட, விகிதத்தில் அதிகம் கரைகிறது. சர்க்கரை நோயோடு அதிகம் தொடர்புள்ளதும் அதுவே. ஆகவே தொடை இன்னும் இளைக்கவில்லையே என்று வருந்தாதீர்கள்.

ஆபரேஷனுக்கு முன் எடுத்த டெக்ஸா ஸ்கேனைப் பத்திரமாக வையுங்கள், அது இல்லாமல் ஒப்பிட ஒன்றுமில்லை. அடுத்ததையும் அதே மெஷினில் எடுங்கள். கம்பெனி மாறினால் எண்ணும் மாறும். அறிக்கையில் கை, கால் தசைக்குத் தனி வரி இருக்கும். என் கண் முதலில் அங்கேதான் போகும். தினம் அறுபது கிராம் புரதமாவது வேண்டும் என்பது அந்த வரிக்காகத்தான்.

முட்டை ஆறிவிடும், எடுத்துக்கொள்ளுங்கள்.