81, 40, 916, 435.6, 746, 1: சிங்காநல்லூர் வழியே ஆறு எண்கள்… பின்னால் இருக்கும் கணக்கு என்ன?

கோவை சிங்காநல்லூரில் திருச்சி ரோட்டோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தாலே போதும், எண்கள் வரிசைகட்டி நிற்கும். நெடுஞ்சாலைப் பலகையில் 81. நூல் பையில் 40. நகைக்கடை வாசலில் 916. மனை விளம்பரத்தில் 5 சென்ட். மோட்டார் கடையில் 1 ஹெச்பி. போனைத் திறந்தால், நேற்றைய மழை இத்தனை மில்லி மீட்டர் என்று ஒரு செய்தி.

எல்லாம் தினமும் பார்க்கிற எண்கள்தான். ஆனால் “40 என்றால் எது 40?”, “அதென்ன 916?” என்று யாராவது திருப்பிக் கேட்டால் பலரும் முழிப்பார்கள். விடை தெரிந்தால் சுவாரஸ்யம் மட்டுமல்ல, பாக்கெட்டுக்கும் நல்லது. சட்டை, நகை, மனை, கரன்ட் பில் என எல்லாமே இந்த எண்களை வைத்துத்தான் ஓடுகின்றன.

81: எண்ணைப் பார்த்தே திசை சொல்லலாம்

சிங்காநல்லூரைக் கடந்துபோகும் திருச்சி ரோடு, தேசிய நெடுஞ்சாலை 81. கோவையில் புறப்பட்டு பல்லடம், காங்கேயம், கரூர், திருச்சி வழியாகச் சிதம்பரம் வரை போகிறது. பழைய ஆட்கள் இதை 67 என்று சொல்லியிருப்பார்கள். 2010-ல் நாடு முழுக்க நெடுஞ்சாலை எண்களை மாற்றியபோதுதான் இது 81 ஆனது.

அந்த மாற்றத்தில் ஓர் எளிய விதி இருக்கிறது. கிழக்கு மேற்காக ஓடும் சாலைக்கு ஒற்றைப்படை எண். வடக்கே தொடங்கித் தெற்கே வர வர எண் கூடும். அதனால்தான் 1 காஷ்மீர் பக்கம் இருக்கிறது, 87 ராமேஸ்வரம் பக்கம் இருக்கிறது. வடக்கு தெற்காக ஓடும் சாலைக்கு இரட்டைப்படை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரும் சாலை 44. மேற்குக் கடற்கரையை ஒட்டி ஓடுவது 66.

மூன்று இலக்க எண் என்றால் அது கிளைச் சாலை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலையைக் காட்டும். மேட்டுப்பாளையம், ஊட்டி வழியாகப் போகும் 181, நம்ம 81-ன் கிளை. சேலத்திலிருந்து கோவை வழியாகக் கொச்சி போகும் 544, 44-ன் கிளை. அடுத்த பயணத்தில் கூகுள் மேப்பை மூடிவிட்டு, பலகையை மட்டும் பார்த்துத் திசை சொல்லிப் பாருங்கள்.

40: நூலின் எடைக்குள் ஒளிந்திருக்கும் நீளம்

கோவையில் 1888-ல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பஞ்சாலைகள் வரிசையாக முளைத்தன. மில்லில் வேலை பார்த்த தாத்தாவோ பாட்டியோ இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு. அந்த வீடுகளில் “நாப்பதாம் நம்பர் நூலு” என்பது சாதாரணப் பேச்சு.

கணக்கு இதுதான். 840 கெஜம் நூல் சேர்ந்தால் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில், அதாவது சுமார் 454 கிராமில், எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுதான் நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 40 சிட்டம், அதாவது 33,600 கெஜம். கிலோமீட்டரில் சொன்னால் கிட்டத்தட்ட 30.7. ஒரு கிலோ நூலை நீட்டினால் 67 கிலோமீட்டரைத் தாண்டும். கோவையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போய், பாதி வழிக்கு மேல் திரும்பியும் வந்துவிடலாம்!

அதனால்தான் நம்பர் கூடக் கூட நூல் மெலிகிறது. ஜீன்ஸ் துணிக்கு 7, 10 என்று தடித்த நூல். திருப்பூர் பனியனுக்கு 30, 34, 40. வேட்டியில் 100-ஆம் நம்பர் என்றதும் விலை ஏறுவது இதனால்தான்.

அதென்ன 840? ஒன்றரை கெஜம் சுற்றளவுள்ள ராட்டில் 80 சுற்று சுற்றினால் 120 கெஜம். அதற்கு ஒரு ‘லீ’ என்று பெயர். ஏழு லீ சேர்ந்தால் 840. இங்கிலாந்துப் பஞ்சாலைகளின் பழைய பழக்கம். இன்றும் மில் ஆய்வகங்களில் 120 கெஜம் நூலைச் சுற்றி எடை போடுகிறார்கள். 64.8-ஐ அந்தக் கிராம் எடையால் வகுத்தால் நம்பர் வந்துவிடும். எடை 1.62 கிராம் என்றால் 40.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் பெட்ஷீட் வாங்கும்போது வரும் ‘த்ரெட் கவுண்ட்’ வேறு கணக்கு. அது ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்கும் குறுக்குமாக எத்தனை இழை இருக்கிறது என்பது. நாலு இழையை முறுக்கி ஒரே நூலாக்கிவிட்டு, அதை நாலு என்று எண்ணிக்கொள்ளும் விற்பனையாளர்களும் உண்டு. அப்படி எண்ணினால் 250 இழை கொண்ட துணி விளம்பரத்தில் 1000 ஆகிவிடும். ‘1000’ என்று பார்த்தால், ஒற்றை இழையா முறுக்கு நூலா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

916: இருபத்து நாலில் இருபத்திரண்டு

தங்கத்தின் தூய்மையை 24 பங்காகப் பிரித்தார்கள். முழுத் தங்கம் 24 காரட். அதில் 22 பங்கு தங்கமும் 2 பங்கு செம்பு, வெள்ளி போன்ற உலோகமும் கலந்தால் 22 காரட். 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.91666… ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். அதுதான் அந்த 916. இதே கணக்கில் 18 காரட் நகையில் 750 என்று இருக்கும்.

‘பவுன்’, ‘சவரன்’ இரண்டும் வந்தது பிரிட்டிஷ் நாணயத்திலிருந்து. ஒரு பவுண்டு மதிப்புள்ள அந்தத் தங்க நாணயத்தின் பெயர் சாவரின், எடை 7.988 கிராம். கடைக்கணக்கில் அது 8 கிராம் ஆகிவிட்டது. ஒரு பவுன் 916 நகையில் சுத்தத் தங்கம் சுமார் 7.33 கிராம்தான். மீதி 0.67 கிராம் நகைக்கு உறுதி தரும் உலோகம்.

2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் இருக்க வேண்டும். ஒவ்வொரு நகைக்கும் அது தனி. ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அதைப் போட்டால் நகையின் தூய்மை, ஹால்மார்க் செய்த மையம் போன்ற விவரங்கள் வந்துவிடும். பில் போடுவதற்கு முன்பே பார்த்துக்கொண்டால் பிறகு தகராறு இல்லை.

435.6: சென்ட்டுக்குள் ஒரு கிரிக்கெட் பிட்ச்

சென்னையில் கிரவுண்டு, கோவையில் சென்ட். ஒரு சென்ட் என்பது ஏக்கரில் நூறில் ஒரு பங்கு, 435.6 சதுர அடி. இந்த .6 எங்கிருந்து ஒட்டிக்கொண்டது?

1620 வாக்கில் எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், நிலம் அளக்க 66 அடி நீளச் சங்கிலியை உருவாக்கினார். அதில் 100 கண்ணிகள். ஒரு சங்கிலி அகலம், பத்துச் சங்கிலி நீளம் கொண்ட நிலம்தான் ஒரு ஏக்கர். அடியில் பார்த்தால் 43,560 என்ற விகாரமான எண். கண்ணியில் பார்த்தால் சரியாக ஒரு லட்சம் சதுரக் கண்ணி. அப்படியென்றால் ஒரு சென்ட் சரியாக 1000 சதுரக் கண்ணி. சங்கிலி போய்விட்டது, அதன் கணக்கு மட்டும் தங்கிவிட்டது.

கிரிக்கெட் பிட்ச்சின் நீளம் 22 கெஜம். அதாவது 66 அடி, அதே ஒரு சங்கிலி! ஒரு ஏக்கரைக் கண்முன் கொண்டுவர வேண்டுமா? ஒரு பிட்ச் நீளத்தை அகலமாகவும், பத்து பிட்ச்சை வரிசையாக வைத்ததை நீளமாகவும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மனை வாங்குகிறவர்களுக்குத் தேவையான கணக்கு இது: 30-க்கு 40 மனை 1,200 சதுர அடி, அதாவது சுமார் 2.75 சென்ட். 5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி. பட்டாவிலோ அளவு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். ஆக 5 சென்ட் மனைக்குப் பட்டாவில் சுமார் 2.02 ஏர் இருக்க வேண்டும். “அஞ்சு சென்ட்டுங்க” என்று தரகர் சொல்வதையும் பட்டாவில் இருப்பதையும் போனில் இருக்கும் கால்குலேட்டரிலேயே ஒப்பிட்டுவிடலாம்.

746: குதிரை போனது, சக்தி நின்றது

மனை வாங்கியதும் வரும் முதல் கேள்வி, “தண்ணி எப்படிங்க?” போர் போட்டால் மோட்டார் வேண்டும். மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன ஊர் கோவை.

நீராவி எந்திரம் எத்தனை குதிரையின் வேலையைச் செய்யும் என்று வாடிக்கையாளருக்குப் புரியவைக்க, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேம்ஸ் வாட் எடுத்த அளவு குதிரைத் திறன். இன்றைய கணக்கில் 1 ஹெச்பி என்பது 746 வாட். 76 கிலோ எடையை ஒரே நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் திறன். வாட்டின் பெயரே பின்னாளில் இன்னோர் அலகாகி, அவருடைய குதிரையை அளக்கிறது.

746 என்பது மோட்டார் வெளியே தரும் திறன். இழப்பும் சேர்ந்து உள்ளே இழுப்பது அதைவிட அதிகம். எனவே தோராயமாக, 1 ஹெச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். தினம் அரை மணி நேரம் போட்டால் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தொட்டிக்கே போய்விடும்.

உண்மையான செலவு ஆழத்தில் இருக்கிறது. 100 அடியிலிருந்து 1,000 லிட்டர் தண்ணீரை மேலே கொண்டுவர, இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 0.08 யூனிட் வேண்டும். அதே தண்ணீர் 1,000 அடியில் இருந்தால் 0.83 யூனிட். இழப்பையும் சேர்த்தால் இரண்டு மடங்கைத் தாண்டும். கோவை மாவட்டத்தில் ஆயிரம் அடி போர் புதுசு இல்லை. நீர்மட்டம் இறங்குகிற ஒவ்வொரு அடிக்கும் யாரோ ஒருவர் கரன்ட் பில் கட்டுகிறார்.

1: ஒரு மில்லி மீட்டர் மழை

ஆறில் சின்ன எண் இதுதான். ஆனால் மற்ற எதையும் விட அதிகமாகக் கொட்டுவதும் இதுதான். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் சரியாக 1 லிட்டர் தண்ணீர். சிங்காநல்லூர் குளம் சுமார் 288 ஏக்கர். அதன் மேல் 1 மி.மீ. விழுந்தால் 11 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் நிரப்பினால் கிட்டத்தட்ட 97 லாரி!

நொய்யலை நம்பி இருக்கும் குளங்களில் இதுவும் ஒன்று. 2017-ல் கோவை மாநகராட்சி இதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. பறவை பார்க்க வருகிறவர்களுக்கு இது அழகான இடம். சுற்றுவட்டார போர்வெல்களுக்கோ இது கீழே இறங்கும் தண்ணீர். குளம் நிறைந்தால் நிலத்தடி நீர் மேலே வரும், மோட்டார் தூக்க வேண்டிய உயரம் குறையும். குளத்தில் மண்ணையும் குப்பையையும் கொட்டினால், அந்தக் கணக்கு அப்படியே திரும்பிவிடும்.

மொட்டைமாடிக்கும் இதே கணக்குத்தான். 1,000 சதுர அடி மாடி என்றால் 93 சதுர மீட்டர். ஒவ்வொரு மி.மீ. மழைக்கும் 93 லிட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருந்தாலும், கோவையில் ஆண்டுக்கு 600 மி.மீ. அளவுக்கு மழை கிடைக்கிறது. அப்படியானால் அந்த ஒரு மாடியில் விழுவது சுமார் 55,000 லிட்டர். நகரங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நாட்டில் பின்பற்றப்படும் குடிநீர்த் திட்ட அளவு. அந்தக் கணக்கில், நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 100 நாள் தண்ணீர். முழுசும் பிடிக்க முடியாது, ஆவியாவதும் சிதறுவதும் போகத்தான் கிடைக்கும். பாதி கிடைத்தாலே 50 நாள்.

மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டது. குழாய் பல வீடுகளில் இருக்கிறது. அது இன்னும் தொட்டியிலோ குழியிலோ போய்ச் சேர்கிறதா, இல்லை நடுவில் உடைந்து சாக்கடையில் கொட்டுகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். அடுத்த முறை “கோவையில் 40 மி.மீ. மழை” என்று செய்தி வந்தால், மாடியில் விழுந்தது 3,700 லிட்டர். அதில் எத்தனை லிட்டர் வீட்டில் தங்கியது என்பதுதான் மிச்சமிருக்கும் கணக்கு.