பல்லைக் காட்டி நிற்கிற வேலையா இது?

போன தை மாதம் என் பெரியவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். பையனின் அம்மா காப்பித் தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே, "பொண்ணு எங்கே வேலை பார்க்குது?" என்று கேட்டார்.

"ஒரு ஆஸ்பத்திரியிலங்க."

"நர்ஸா?"

"இல்லைங்க... கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே இருந்து என் மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை அல்ல. அந்த ஆஸ்பத்திரியின் மக்கள் தொடர்பு அதிகாரி அவள். பி.ஆர்.ஓ. என்கிறார்களே, அதுதான்.

அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள். "ஏம்மா பொய் சொன்னே?"

"வர்றவங்க போறவங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டி நிற்கிற வேலைன்னு நினைச்சுட்டா?"

"அவங்க நினைக்கிறது இருக்கட்டும். நீ என்ன நினைக்கிறே?"

என்னிடம் பதில் இல்லை. நான் பத்தாவது வரை படித்தவள். மகள் காலையில் போகிறாள், ராத்திரி வருகிறாள், சம்பளம் வருகிறது. அதற்கு மேல் நான் கேட்டதே இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கீரை ஆய்ந்துகொண்டே கேட்க உட்கார்ந்தேன். அவள் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

விளம்பரம் வேறு, இது வேறு

"நம்ம வீட்டுக் குழம்பு பிரமாதம்னு நாமே தட்டி போட்டு மாட்டினா அது விளம்பரம். சாப்பிட்டுப் போன பக்கத்து வீட்டு அக்கா நாலு பேர்கிட்ட சொன்னா, அந்த நல்ல பேர்தான் மக்கள் தொடர்பு" என்றாள். விளம்பரத்துக்குக் காசு கொடுத்தால் பத்திரிகையில் இடம் நம்முடையது. செய்தி அப்படி இல்லை. போடலாமா வேண்டாமா என்று ஆசிரியர்தான் முடிவு செய்வார். விஷயம் இருந்தால்தான் போடுவார்.

காலையில் ஆபீஸ் போனதும் எல்லாப் பேப்பரையும் படித்து, தங்கள் ஆஸ்பத்திரி பற்றியோ பொதுவாக மருத்துவம் பற்றியோ வந்ததை வெட்டி எடுத்து வைப்பாள். புகார்ப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சீட்டையும் படிப்பாள். இலவசக் கண் முகாம் என்றால் செய்திக் குறிப்பு எழுத வேண்டும். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். முக்கியமானது முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். சுற்றி வளைத்தால் படிக்காமல் வைத்துவிடுவார்களாம்.

நம் மாவட்டங்களில் அரசாங்கச் செய்திகளைக் கொடுக்கிறாரே செய்தி மக்கள் தொடர்பு அலுவலர், அவர் வேலையும் இதே இனம்தான். சினிமாவில் 1958-இல் வந்த 'நாடோடி மன்னன்' படத்துக்குப் பி.ஆர்.ஓ.வாக இருந்த பிலிம் நியூஸ் ஆனந்தன்தான் தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளர் என்கிறார்கள்.

மூடி மறைத்தால் முளைக்கும்

1906-இல் அமெரிக்காவில் ஒரு ரயில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அந்தக் காலத்து ரயில் கம்பெனிகள் இப்படி நடந்தால் வாய் திறக்காது. ஆனால் ஐவி லீ என்பவர் அந்தக் கம்பெனிக்காக நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தாராம். இன்றைய செய்திக் குறிப்புக்கு அதுவே முன்னோடி என்று பாடத்தில் வருமாம்.

1982-இல் அதே நாட்டில், கடையில் இருந்த 'டைலெனால்' என்ற வலி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்துவிட, சிகாகோ பக்கம் 7 பேர் இறந்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி, 'எங்கள் மாத்திரையைச் சாப்பிடாதீர்கள்' என்று தானே ஊருக்கெல்லாம் சொல்லி, சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பிறகு பிரித்தால் தெரிகிற மாதிரி சீல் வைத்து விற்றது. மருந்து பாட்டிலில் மூடிக்குக் கீழே சீல் வைக்கும் வழக்கம் பரவியது அதற்குப் பிறகுதான்.

எல்லாம் கேட்கக் கதை மாதிரி இருந்தது. அடுத்த மாதமே அது என் வீட்டு வாசலுக்கு வந்தது.

அந்த ராத்திரி

மாசியில் ஒருநாள் பதினொரு மணிக்கு வந்தாள். சாப்பாடு வேண்டாம் என்றாள். விசாரித்ததில் கொஞ்சம் சொன்னாள். (அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஊர், பேர் எனக்கும் சொல்லவில்லை.)

ஒரே பெயருள்ள இரண்டு பெண்களின் கட்டிப் பரிசோதனை ரிப்போர்ட் மாறிப்போய்விட்டது. புற்றுநோய் இல்லாதவர் வீட்டில் இரண்டு நாள் அழுகை. இருக்கிறவரிடம் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியாகிவிட்டது.

'கம்ப்யூட்டர் கோளாறு, மறுபடி டெஸ்ட் எடுக்கணும்' என்று மட்டும் சொல்லிவிடலாம் என்றாராம் நிர்வாகத்தில் ஒருவர். "கோளாறு கம்ப்யூட்டர்ல இல்லை சார், நம்மகிட்ட. வேற வழியில தெரிஞ்சா அப்புறம் நாம எதைச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க" என்று என் மகள் பிடிவாதமாக நின்றிருக்கிறாள். கடைசியில் பெரிய டாக்டரே இரண்டு குடும்பத்தையும் தனித்தனியாக உட்கார வைத்து, உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். இவள் பக்கத்தில் இருந்தாள். இரண்டாவது அம்மாவின் மகன் ஃபைலைத் தூக்கி அடித்துக் கத்தினானாம். அவன் கத்தி முடிக்கும் வரை இவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

பல்லைக் காட்டும் வேலை என்றேனே! அன்று அங்கே யார் சிரித்தது?

அந்தக் குடும்பம் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அந்த நிர்வாகி இரண்டு மாதம் இவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உண்மை சொன்னால் உடனே எல்லாம் சரியாகிவிடும் என்றில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு மேற்கொண்டு ஒரு நாளும் வீணாகாமல் வைத்தியம் தொடங்கியது.

நீங்களும் ரிப்போர்ட் வாங்கினால் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். வயதையும் நோயாளி எண்ணையும் ஒத்துப் பாருங்கள்.

யாருக்கு ஏற்றது?

நிறையப் பேசுகிற பெண் என்றால் இந்த வேலைக்குச் சரி என்று நினைத்திருந்தேன். முதலில் வேண்டியது காது என்கிறாள் மகள். பிழையில்லாமல் இரண்டு மொழியில் எழுத வேண்டும். பார்த்த முகமும் பெயரும் மறக்கக் கூடாது. அடுத்தவர் ரகசியம் வாயில் தங்க வேண்டும். எதிராளி கொதிக்கும்போது நாம் கொதிக்கக் கூடாது. முதலாளியிடமே 'இது தப்பு' என்று பணிவாகச் சொல்லும் தைரியமும் வேண்டும். இதழியல், மக்கள் தொடர்பியல் படிப்புகள் பல கல்லூரிகளில் இருக்கின்றன. வேறு பட்டம் வாங்கியவர்கள் பிறகு பட்டயப் படிப்பாகவும் படிக்கலாம்.

யோசித்துப் பார்த்தால் இதில் பாதியை, மாமியாருக்கும் நாத்தனாருக்கும் நடுவில் நாம் சம்பளமில்லாமல் செய்துகொண்டுதானே இருக்கிறோம்!

சித்திரையில் பையனின் அம்மா போன் செய்தார். ஜாதகம் பொருந்துகிறதாம். எனக்குக் கை நடுங்கியது. "அன்னிக்குக் கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னது என் தப்புங்க. அவ மக்கள் தொடர்பு அதிகாரி" என்று தொடங்கி எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரிங்க, வீட்ல பேசிட்டுச் சொல்றோம்" என்று வைத்துவிட்டார்.

இன்னும் சொல்லவில்லை. சொல்லும்போது சொல்லட்டும். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மகள் எனக்கும் சேர்த்துக் காப்பி கலந்துகொண்டு நிற்கிறாள்.

உங்கள் பெண்ணோ பிள்ளையோ புதிதாக ஒரு வேலைக்குப் போனால், ஊரார் கேட்கும் முன்னே நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் கேட்காமல் இருந்தது இரண்டு வருஷம்.